ஆள் இல்லாமல் ஓடுகிறவை

என் தம்பிக்குக் கோபம் காலை ஆறேகாலுக்குத் தொடங்கும். பல் தேய்த்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து போனைத் திறப்பான். எதிரில் நான் காய் நறுக்குவேன். அவனுக்கு எழுபத்தொன்று, எனக்கு எழுபத்தைந்து. அவன் மனைவி இறந்து ஒன்பது வருடம், என் கணவர் இறந்து ஆறு வருடம். இரண்டாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், நாங்கள் இருவரும்தான்.

"இதைக் கேளு" என்பான். கேட்கிறேன் என்று நான் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் அவன் நிறுத்தமாட்டான்.

"ஒருத்தன் தூங்கறதைப் படம் புடிச்சுப் போடறான். ஒன்பதாயிரம் பேர் உக்காந்து பார்க்கறாங்க. தூங்கறவனுக்கு வேலை இல்லை, சரி. பார்க்கறவனுக்குமா இல்லை?"

"நீயும்தானே பார்த்திருக்கே."

"நான் எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு பார்த்தேன்."

ஒரு பெண் பூசணிக்காய்க்குப் பிறந்தநாள் கொண்டாடியிருந்தாள். அதற்குத் திட்டு. திறப்பு விழா நடக்கும் முன்பே ஆறு மாதமாக மக்கள் நடந்துகொண்டிருந்த பாலத்தை ஒரு அமைச்சர் கத்தரிக்கோலோடு வந்து திறந்து வைத்தார். அதற்கும் திட்டு. ஒரு நாள் போன் அவனிடமே, நீ இயந்திரம் இல்லை என்று நிரூபி, போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தொடு என்று கேட்டது. "நான் மனுஷன்னு ஒரு மிஷின்கிட்ட போய்ச் சாட்சி சொல்லணுமாம்" என்று அரை மணி நேரம் புலம்பினான். புலம்பிக்கொண்டே எல்லா விளக்கையும் சரியாகத் தொட்டான். ஒன்று தப்பவில்லை.

எல்லாத் திட்டும் ஒரே மாதிரி இருக்காது. மனிதர்களைத் திட்டும்போது அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். வேறு ஒரு வகைச் செய்தி உண்டு. அதற்குக் குரல் இறங்கிவிடும். ஆளில்லாத கார் ஒன்று காலி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்த செய்தி. விடுதி வாசலில் வைத்த பேசும் இயந்திரப் பொம்மை ஒன்று, விடுதியை மூடிய பிறகும் இரண்டு நாள் கதவைப் பார்த்து வரவேற்றுக்கொண்டிருந்த செய்தி. கண் இமைக்காமல் செய்தி வாசிக்கும் கணினிப் பெண். இறந்துபோன பழைய சக ஊழியருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்படி போன் கேட்டது. இந்த மாதிரிச் செய்திகளின் கீழே ஒரே ஒரு வரி எழுதுவான். 'உள்ளே ஆள் உண்டா?' வேறொன்றும் எழுதமாட்டான். அங்கே அவனை 'ஆள் உண்டா தாத்தா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"தாத்தாவாம். இவனுங்களுக்கு நான் எப்போ தாத்தா ஆனேன்?" என்பான். அந்த வரியை ஏன் எழுதுகிறான் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் அவன்தான். நான் எட்டாவதோடு நின்று, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு எண்ணினேன். அவன் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் அளவெடுக்கும் வேலைக்குப் போனான். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு, நடைதான். அவன் எடுத்த அளவில் தப்பு என்று ஒரு புகார் வந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

வேலை இப்படி. மீட்டர் வீட்டுக்கு வெளியே சுவரோரம் இருக்கும். மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்து, வீட்டில் இருப்பவரிடம் அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்றை எழுதலாம். 'பூட்டு' என்று எழுதினால் மூன்று நாளுக்குள் மேற்பார்வையாளர் போய்ப் பார்ப்பார். 'ஆள் உண்டு, திறக்கவில்லை' என்று எழுதினால் யாரும் போகமாட்டார்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட விரும்பாமல் உள்ளேயே இருந்துவிடும் ஆட்கள் நிறைய உண்டு. மீட்டரின் சின்னச் சக்கரம் சுற்றினால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது, தண்ணீர் ஓடினால் ஆள் உண்டு. மீட்டர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு சந்துக் கோடி வீடு. குளியலறை ஜன்னலுக்கு அடியில் மீட்டர். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் நின்று "மீட்டர்" என்று மூன்று முறை கூப்பிட்டான். பதில் இல்லை. 'ஆள் உண்டு, திறக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

எட்டாவது நாள் தண்ணீர் தெருவுக்கு வந்ததும் கதவை உடைத்தார்கள். தனியாக இருந்த ஒரு அம்மாள். குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். எந்த நாளில் உயிர் போனது என்று சொல்ல முடியவில்லை. என் தம்பி எழுதிய வரியை வைத்துத்தான், பதினான்காம் தேதி அவர் உயிரோடு இருந்தார் என்று காவல் நிலையத்தில் பதிவு செய்தார்கள். அவன் எழுதியது பொய்யென்றால் செத்தவரை இருக்கிறார் என்று எழுதியவன் ஆகிறான். மெய்யென்றால் உயிரோடு இருந்தவரை விட்டுவிட்டு வந்தவன் ஆகிறான்.

அன்று நேராக என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். "நீ போறதுக்கு முன்னாடியே அவங்க போயிருப்பாங்கடா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னேன். முப்பத்து மூன்று வருடம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். இன்றைக்கும் பக்கத்து வீட்டுக் குழாய் கொஞ்ச நேரம் ஓடினால் தட்டில் கை வைத்தபடி காது கொடுப்பான். சத்தம் நின்ற பிறகுதான் அடுத்த வாய்.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு போன் குழு உண்டு, முப்பத்தெட்டு பேர். அதில் தினமும் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு பூப்படமும் 'காலை வணக்கம்' என்ற எழுத்தும் வரும். அனுப்புகிறவர் நான்காவது மாடியில் தனியாக இருப்பவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்து மூடியவர். மகன் வெளிநாட்டில். என் தம்பி தினமும் அந்தப் பூவைக் குறை சொல்லி எழுதுவான். அவர் உடனே இரண்டு கைகூப்பும் படங்களைப் போடுவார். சண்டை மாதிரித் தெரியும். லிஃப்ட்டில் பார்த்தால் இருவரும் சிரித்துக்கொண்டுதான் வருவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவன் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டான். 'கண்ணாடிக் கடை வைத்திருந்தவரே ஊர்க் கண்ணைக் கெடுக்கலாமா? தயவுசெய்து நிறுத்தவும்' என்று எழுதினான். அப்போதும் கைகூப்பு வந்தது.

திங்கள் ஆறு பத்துக்குப் பூ வந்தது. இவன் எழுதினான். கைகூப்பு வரவில்லை.

"கோவிச்சுக்கிட்டாரு" என்றேன்.

"அவரா? அவருக்குக் கோபம் வந்தா ரெண்டு பூவா அனுப்புவாரு."

செவ்வாயும் பூ வந்தது, கைகூப்பு வரவில்லை. பத்து மணிக்கு இவன் நான்காவது மாடிக்குப் போனான். பத்தே காலுக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"டிவி ஓடுது. ஆள் இருக்காரு. திறக்க மாட்டேங்கறாரு" என்றான்.

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை தானாக நின்றது. அதே வார்த்தைகள், டிவி என்ற ஒன்று மட்டும் புதிது. அவனுக்கு அது உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதியதற்கு மூக்கு உடைபட்ட எரிச்சல் மட்டும்தான் முகத்தில் இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். ஞாபகப்படுத்தினால் அன்றைக்கு மாதிரித் தரையில் உட்கார்ந்துவிடுவானோ என்று பயந்தேன். "சரி விடு, சாப்பிட வா" என்றேன்.

புதன் ஆறு பத்து. பூ வந்தது. இவன் ஒன்றும் எழுதவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தான்.

"அக்கா, இந்தப் பூவை அவர் அனுப்பறதில்லை."

"பின்னே?"

"மகன் வந்திருந்தப்போ ஒரு மாசத்துப் பூவை ஒண்ணா ஏத்தி வெச்சுட்டுப் போயிருக்கான். நேரம் வந்தா அதுவா போயிடும். அவரே லிஃப்ட்ல பெருமையா சொன்னாரு. கை கூப்பறதுதான் அவரு. பூ அவரு இல்லை." நாற்காலியிலிருந்து எழுந்தான். "டிவியும் அவரு இல்லை."

சட்டை மாட்டிக்கொண்டு, பென்சிலும் பழைய காலண்டர் தாளும் எடுத்துக்கொண்டு போனான். நானும் பின்னால் போனேன். எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி படிக்கட்டுப் பக்கத்தில் சின்ன அலமாரி மாதிரிக் கதவு இருக்கும். அதற்குள் நான்கு வீட்டின் தண்ணீர் மீட்டரும். முட்டி வலியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடிக்கடைக்காரரின் மீட்டரைத் துடைத்தான். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு எண்ணைக் குறித்தான். மற்ற மூன்று மீட்டரிலும் சக்கரம் விட்டுவிட்டுச் சுற்றியது. இது அசையவில்லை. பத்து ஐந்துக்கும் அதே எண். பதினொன்றரைக்கும் அதே எண். காலை முழுவதும் ஒரு மனிதர் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை.

கீழே போய் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரை அழைத்து வந்தான். அவர் காப்பீட்டு முகவர். யாரிடமும் பணிவாகப் பேசுவார், எதற்கும் பொறுப்பேற்க மாட்டார்.

"காலையில மெசேஜ் வந்துச்சே சார். நீங்களும் பார்த்தீங்களே."

"அது தானா வர்றது."

"டிவி சத்தம் கேக்குது பாருங்க."

"டிவி ஓடறதுக்கு ஆள் எதுக்கு?"

"தப்பா நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க எழுதினதைப் படிச்சு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க முகத்தைப் பார்க்கப் பிடிக்காம உள்ளேயே இருக்கலாம் இல்லையா?"

"என் முகம் பிடிக்கலேன்னா மூஞ்சி கழுவவும் மாட்டாரா? கக்கூஸுக்கும் போக மாட்டாரா?"

செயலாளர் மகனுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்தார். அங்கே என்ன நேரமோ, அந்தப் பையன் குரல் களைப்பாக இருந்தது. "அப்பா நல்லாத்தான் இருக்காரு அங்கிள். எனக்கும்தான் காலை வணக்கம் வந்துச்சு" என்றான்.

என் தம்பி போனை வாங்கிக்கொண்டான். "அது நீ ஏத்தி வெச்சது தம்பி. அப்பா குரலைக் கடைசியா எப்போ கேட்டே?"

அங்கே கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பான்.

"சனிக்கிழமை" என்றான் அந்தப் பையன். அடுத்து அவனே, "உடைங்க அங்கிள்" என்றான்.

ஐந்தாவது மாடியில் அலமாரி செய்துகொண்டிருந்த தச்சர் வந்து பூட்டைப் பெயர்த்தார். மணி பன்னிரண்டு இருபது. வரவேற்பறையில் டிவி யாருக்கோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவர் கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்த்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் விழுந்திருக்கிறார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். நான் அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணியே சொல்கிறேன், பதினொரு பேர். போன் குழுவில் எல்லோரும் என் தம்பிக்குக் கைகூப்பினார்கள். இவன், "போதும், எல்லாரும் வேலையைப் பாருங்க" என்று எழுதினான். ஆனால் அந்த மூன்று நாள் அவன் நன்றாகத் தூங்கினான். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக் குழாய் வெகுநேரம் ஓடியது. அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முப்பத்து மூன்று வருடக் கணக்கு நேராகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. மெதுவாகப் பேசினார். நன்றி சொன்னார். இவன், "அதெல்லாம் இருக்கட்டும், எழுந்து வந்ததும் அந்தப் பூவை மாத்துங்க" என்றான். அவர் சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு, "நீங்க செவ்வாய்க்கிழமையே வந்தீங்கல்ல" என்றார்.

என் தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு தடவை மணி அடிச்சீங்க. 'டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு மனுஷன்'னு சொன்னீங்க. எல்லாம் கேட்டுது. கூப்பிட்டேன், குரல் வரலை. தரையைத் தட்டினேன். டிவி சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது." அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். "அப்புறம் லிஃப்ட் போற சத்தம் கேட்டுது."

"அப்புறம்?" என்றான் என் தம்பி.

"அப்புறம் என்ன. படுத்திருந்தேன். மறுபடி வருவீங்கன்னு."

"எவ்வளவு நேரம் அப்படி நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

அவர் யோசித்தார். "கண்ணு அசந்துபோற வரைக்கும் நினைச்சேன். முழிச்சதும் மறுபடி நினைச்சேன். வேற நினைக்க என்ன இருக்கு?"

என் தம்பி எழுந்து வெளியே போனான். நடைவழியில் பெஞ்சு இருந்தது, அதில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அந்தம்மாள் விஷயத்தில் அன்றைக்கு நான் சொன்ன வாக்கியம் வாய் வரை வந்தது. இனி அதற்கு என்ன மதிப்பு? உள்ளே கிடக்கிறவருக்குக் காது கேட்கும், காத்திருப்பார் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை நீ திரும்பி வந்து சொன்னப்பவே எனக்கு அந்தம்மா ஞாபகம் வந்துச்சுடா" என்றேன். "சொல்லாம இருந்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உனக்கும் வந்துச்சா" என்று மட்டும் கேட்டான். பிறகு திரும்ப உள்ளே போனான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தம்மாளைப் பற்றி அவரிடம் சொன்னான். என்னைத் தவிர யாரிடமும் சொல்லாததை. சந்து, ஜன்னல், சக்கரம், அட்டையில் எழுதிய வரி, எல்லாம். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன்.

"குழாய் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னீங்களே" என்றார். "அந்தச் சத்தத்துல நீங்க கூப்பிட்டது அவங்களுக்குக் கேட்டிருக்காது."

"ஜன்னல்கிட்ட நின்னு கூப்பிட்டேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. என் குரல் பெரிசு."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். என் தம்பி எழுந்து, "நாளைக்கு வரேன்" என்றான்.

"எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

மறுநாள் மூன்றேகாலுக்கே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். நாலுக்குத்தானே என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. மூன்றே முக்காலுக்கு அந்த வார்டின் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்றோம். உள்பக்கம் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாலு மணிக்குத்தான் பெரியவரே திறப்போம். அப்படி உக்காருங்க."

"தெரியும். திறக்க வேணாம்" என்றான் என் தம்பி. "ஏழாம் நம்பர் கட்டில்ல இருக்கறவர்கிட்ட, நான் வந்துட்டேன்னு மட்டும் போய்ச் சொல்லிடுங்க."